ஏறி இறங்க ஒரு வரி

(மூன்றாம் ஆண்டு, பி.ஏ. பொருளியல்)

செம்பரம்பாக்கம் என்று சொன்னதும் நகரத்து நண்பர்களுக்கு ஏரிதான் நினைவுக்கு வரும். அதிலும் 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, ஐப்பசி பிறந்தாலே போதும். ஏரியின் உயரம் 24 அடி என்பதும் இன்று எத்தனை அடி நிற்கிறது என்பதும் சென்னையில் பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூட மனப்பாடம். அந்த ஏரிக்கரையில் மனிதர்களும் வாழ்கிறார்கள், அவர்களிலே பலர் விடியுமுன் எழுந்து நகரத்துக்கு வேலைக்கும் படிப்புக்கும் போய்வருகிறார்கள் என்பதை யாரும் நினைப்பதில்லை. எங்கள் ஏரித் தண்ணீருக்கு இருக்கும் வசதி எங்களுக்கு இல்லை என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. 2007-ல் தொடங்கிய சுத்திகரிப்பு நிலையம் நாளொன்றுக்கு 53 கோடி லிட்டர் தண்ணீரைச் சுத்தம் செய்து நகரத்துக்கு அனுப்பக் கட்டப்பட்டது. அந்தத் தண்ணீர் குழாயில் ஏறினால் நேரே நகரத்தில் போய் இறங்குகிறது. நாங்களோ பூவிருந்தவல்லியில் ஒருமுறை இறங்கி ஏறி, கிண்டியிலோ கோயம்பேட்டிலோ மறுபடி இறங்கி ஏறி, ஒவ்வொரு முறையும் பையில் கைவிட்டுச் சில்லறை தேட வேண்டும்.

இந்தச் சில்லறையைப் பற்றித்தான் எழுத வந்தேன். பேருந்தில் நெரிசல், சாலையில் பள்ளம், நேரத்துக்கு வராத வண்டி ஆகியவற்றைப் பற்றி இம்மலரில் ஆண்டுதோறும் யாராவது ஒருவர் எழுதிவிடுகிறார், நன்றாகவும் எழுதுகிறார். கட்டணத்தின் கணக்கை மட்டும் நாம் உட்கார்ந்து பார்ப்பதில்லை. பொருளியல் படிப்பவன் என்ற முறையில் அதைப் பார்த்துவிடுவது என் கடமை என்று கொண்டேன். பார்த்த அளவில் என் கருத்து இது: தொலைவுக்குக் கட்டணம் வாங்குவது நியாயம், வண்டி மாறுவதற்குக் கட்டணம் வாங்குவது நியாயமாகாது. இன்று வெளியூரிலிருந்து வருகிறவன் இரண்டையும் கட்டுகிறான்.

முதலில் ரயிலை எடுத்துக்கொள்வோம். சென்ட்ரலிலிருந்து திருவள்ளூர் 42 கிலோமீட்டர். புறநகர் மின்சார ரயிலில் இரண்டாம் வகுப்புக்குக் கட்டணம் 10 ரூபாய். கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 24 காசு ஆகிறது. அரக்கோணம் வரை போனாலும் 15 ரூபாய்தான். மாதச் சீசன் டிக்கெட் இன்னும் மலிவு. ஏறத்தாழ 15 ஒற்றைப் பயணங்களுக்கான தொகையைக் கட்டிவிட்டு மாதம் முழுவதும் போய்வரலாம். திருவள்ளூர்க்காரர் ஒருவர் மாதம் 25 நாள் வேலைக்குப் போனால் 50 பயணம். அவர் கட்டுவது இருநூறு ரூபாய்க்குள் அடங்கிவிடும். 2014 ஜூன் மாதத்தில் இந்தக் கணக்கை 15-லிருந்து 30 பயணமாக உயர்த்த ரயில்வே முயன்றது. பம்பாய்ப் புறநகர் மக்கள் கொதித்தெழுந்தார்கள். சில நாட்களிலேயே அது கைவிடப்பட்டது. 2025 ஜூலையில் ரயில் கட்டணங்கள் உயர்ந்தபோதும் புறநகர்க் கட்டணத்திலும் சீசனிலும் கை வைக்கவில்லை.

இனி எங்கள் ஊருக்கு வருவோம். சென்ட்ரலிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர். திருவள்ளூரைவிட நாங்கள் நகரத்துக்கு நெருக்கம். ஆனால் எங்களுக்கு ரயில் இல்லை. அதற்கான காரணம் மிகப் பழையது. 1856 ஜூலை முதல் தேதி தென்னிந்தியாவின் முதல் ரயில் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்குப் புறப்பட்டபோது, தண்டவாளம் ஆவடி, திருவள்ளூர், அரக்கோணம் என்று வடமேற்கே வளைந்து சென்றது. பெங்களூர் நெடுஞ்சாலையோ பூவிருந்தவல்லி, செம்பரம்பாக்கம், திருப்பெரும்புதூர் என்று மேற்கே நீண்டது. தண்டவாளத்தின் ஓரம் பிறந்தவன் கிலோமீட்டருக்கு 24 காசு கொடுக்கிறான்; நெடுஞ்சாலையின் ஓரம் பிறந்தவன் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் கொடுக்கிறான். 2018 ஜனவரிக் கடைசியில் நிர்ணயித்த வீதப்படி வெளியூர்ச் சாதாரணப் பேருந்துக்குக் கிலோமீட்டருக்கு 58 காசு; விரைவுப் பேருந்தானால் 75 காசு. நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆங்கிலேயப் பொறியாளர் வரைபடத்தில் போட்ட கோடு இன்றைக்கும் எங்கள் சட்டைப் பையில் கை வைக்கிறது.

ரயில்வே மத்திய அரசுடையது, நட்டத்தை அது தாங்கிக்கொள்கிறது, பேருந்துக் கழகத்தால் அப்படித் தாங்க முடியுமா என்று பேராசிரியர் யாரேனும் கேட்கலாம். நியாயமான கேள்வி. பயணச் செலவில் சராசரியாக 57 விழுக்காடுதான் கட்டணத்தால் வசூலாகிறது என்று ரயில்வேயே 2016 முதல் டிக்கெட்டில் அச்சிட்டு நம் முகத்துக்கு நேரே நீட்டியது. (இனாம் கொடுத்துவிட்டு அதைச் சொல்லிக்காட்டும் பெரிய மனிதர்களைப் போல!) ஆகவே கிலோமீட்டருக்கு 58 காசு என்ற வீதத்தோடு நான் சண்டைக்கு வரவில்லை. டீசல் விலையும் சம்பளமும் தெரிந்தவன் அந்தச் சண்டைக்குப் போகமாட்டான். 2018 ஜனவரி 20-ல் பேருந்துக் கட்டணம் ஒரேயடியாக ஏற்றப்பட்டு, சென்னையில் 3 ரூபாயாக இருந்த குறைந்த கட்டணம் 5 ரூபாயானபோது, மாநிலம் முழுவதும் மாணவர்கள் வகுப்பை விட்டுச் சாலைக்கு வந்தார்கள். மாதம் முடிவதற்குள் அரசு சிறிது இறங்கி வந்து, வெளியூர்ச் சாதாரணப் பேருந்துக்கு 60 காசை 58 ஆக்கியது. இரண்டு காசுக் குறைப்பை வெற்றி என்று கொண்டாடிய அந்தப் போராட்டத்தில், வண்டி மாறுகிறவன் எத்தனை முறை குறைந்த கட்டணம் கட்டுகிறான் என்று ஒருவர்கூடக் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை.

கட்டணம் எப்படி அமைந்திருக்கிறது என்று பாருங்கள். பேருந்தானாலும் மெட்ரோவானாலும் ஏறிய உடனே ஒரு குறைந்த கட்டணம். அதன்பின் தொலைவு கூடக்கூடக் கட்டணம் மெதுவாக ஏறும். மெட்ரோவில் இரண்டு கிலோமீட்டருக்குள் போனால் 10 ரூபாய். இருபத்தொரு கிலோமீட்டருக்கு மேல் போனால் 50 ரூபாய். தொலைவு பத்து மடங்கானால் கட்டணம் ஐந்து மடங்குதான். நீண்ட தொலைவு போகிறவனுக்கு இது நல்ல ஏற்பாடு. ஒரே வண்டியில் போனால்! அதே தொலைவை மூன்று துண்டாக வெட்டி மூன்று வண்டியில் போகிறவனுக்கு, அந்த மெதுவான ஏற்றத்தின் பயன் கைக்கு வருமுன் வண்டி நின்றுவிடுகிறது. அவன் இறங்கி, அடுத்த வண்டியில் மறுபடி தலைப்பிலிருந்து தொடங்குகிறான்.

திருவள்ளூர்க்காரரையே எடுத்துக்கொள்வோம். அவர் 42 கிலோமீட்டரை 10 ரூபாயில் கடந்து சென்ட்ரலில் இறங்குகிறார். அவருக்கு வேலை உயர் நீதிமன்றத்தின் பக்கம். அடுத்த நிலையம்தானே என்று மெட்ரோவில் ஏறினால் அதற்கும் 10 ரூபாய். 42 கிலோமீட்டருக்கு எவ்வளவோ, ஒரே ஒரு நிலையத்துக்கும் அவ்வளவே. மாதச் சீசன் மெட்ரோவில் செல்லாது. ஆகவே மனிதர் வெயிலில் நடக்கிறார். உடம்புக்கு நல்லதுதான்; ஆனால் பல்லாயிரம் கோடி செலவிட்டுக் கட்டிய ரயில், நடந்துபோகிறவருக்குக் கீழே இடம் காலியாக ஓடுகிறதே, அது யாருக்கு நல்லது?

எங்கள் ஊரில் இதைவிட வேடிக்கை உண்டு. நெடுஞ்சாலை நிறுத்தத்தில் நின்றால் இரண்டு வகை அரசுப் பேருந்துகள் வரும். ஒன்று மாநகர் போக்குவரத்துக் கழகத்துடையது; மற்றது காஞ்சிபுரம் பக்கமிருந்து வரும், விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட அரசுப் போக்குவரத்துக் கழகத்துடையது. 1972 ஜனவரி முதல் தேதி சென்னைக்கென்று பல்லவன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது. மற்றப் பகுதிகளுக்குச் சேரன், பாண்டியன், சோழன் என்று மன்னர்கள் பெயரால் கழகங்கள் எழுந்தன. மன்னர்களின் பெயர் பின்னாளில் போய்விட்டது. எல்லைத் தகராறு மட்டும் நின்றுவிட்டது. மாநகரக் கழகத்தில் 1000 ரூபாய் கட்டினால் மாதம் முழுவதும் குளிர்சாதனம் இல்லாத எந்த மாநகரப் பேருந்திலும் விருப்பம்போல் ஏறலாம். 2025 மார்ச்சில் குளிர்சாதனப் பேருந்தையும் சேர்த்து 2000 ரூபாய்க்கு ஒரு சீட்டு வந்தது. நல்ல திட்டம், நான் குறை கூறமாட்டேன். ஆனால் அந்தச் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் நிற்கிறவன் முன்னால் காஞ்சிபுரம் பேருந்து வந்து நின்றால், அதில் ஏற அந்தச் சீட்டு பயன்படாது. இரண்டு பேருந்தும் ஒரே சாலையில் போகின்றன, ஒரே பூவிருந்தவல்லியைத் தொடுகின்றன. இரண்டுக்கும் உரிமையாளரும் ஒருவரே, தமிழ்நாடு அரசு. ஒரே வீட்டில் அண்ணன் கடையில் வாங்கிய சீட்டைத் தம்பி கடையில் செல்லாது என்பது போலிருக்கிறது.

விளைவு என்ன? மாநகரப் பேருந்து எங்கள் பக்கம் அடிக்கடி வருவதில்லை. வெளியூர்ப் பேருந்து அடிக்கடி போகிறது. 1000 ரூபாய் கட்டியவன் கட்டிய பணம் வீணாகக் கூடாதென்று காத்து நிற்கிறான். இல்லையேல் பணம் போனால் போகிறதென்று வந்ததில் ஏறி மேலும் ஒரு டிக்கெட் வாங்குகிறான். நாள் தவறாமல் இப்படி ஏறுகிற தொழிலாளர்கள் பலரிடம் நான் கேட்டுப் பார்த்தேன். அவர்கள் மாதச் சீட்டே வாங்குவதில்லை. "எந்த வண்டி வரும்னு தெரியாம ஆயிரம் ரூபாயைக் கொண்டுபோய் ஏன் தம்பி முடக்கணும்?" என்றார் அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்குப் போகும் ஒருவர். மொத்தமாக வாங்கினால் மலிவு என்பது வணிகத்தின் முதல் பாடம். மிக அதிகமாகப் பயணம் செய்கிறவருக்கு அந்த மலிவு எட்டாமல் போகிறது.

பெண்களின் நிலை வேறு. 2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிப் பயணம் செய்யலாம். இத்திட்டம் செய்த நன்மையைக் குறைத்துப் பேசுகிறவரோடு நான் உடன்பட மாட்டேன். எங்கள் தெருவில் வீட்டு வேலைக்கும் கடை வேலைக்கும் போகும் பெண்கள் கையில் மாதம் சில நூறு ரூபாய் மிஞ்சுகிறது. அது பிள்ளைகளின் நோட்டுப் புத்தகமாக மாறுகிறது. ஆயினும் இங்கும் அதே எல்லைக்கோடு குறுக்கே வருகிறது. வெளியூர்ப் பேருந்தில் இச்சலுகை இல்லை. நகரத்துக்குள் ஓடும் விரைவு, சொகுசுப் பேருந்துகளிலும் இல்லை. மயிலாப்பூரில் இருக்கும் பெண்ணுக்குப் பத்து நிமிடத்தில் ஒரு வெள்ளை போர்டு வண்டி வரலாம். நெடுஞ்சாலையில் நிற்கும் பெண்ணுக்கு முன்னால் நான்கைந்து வண்டிகள் காசு கேட்டுக்கொண்டு போனபின்தான் அது வருகிறது. காசாகக் கொடுக்க வேண்டியதை அவள் நேரமாகக் கொடுக்கிறாள். மாலையில் இருட்டிய பிறகு அந்த நேரத்தின் விலை இன்னும் கூடுதல் என்பதை நம் சகோதரிகளுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

"நாம்தான் அரசுக் கல்லூரி மாணவராயிற்றே, இலவசப் பயண அட்டை இருக்கிறதே, நமக்கு ஏன் இந்தக் கவலை?" என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். அட்டை இருக்கிறது, அதற்கு நன்றியும் உண்டு. ஆனால் அது வீட்டிலிருந்து கல்லூரிக்கும் கல்லூரியிலிருந்து வீட்டுக்கும் என்று வழி குறித்துத் தரப்படுவது. கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கோ எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்கோ போக வேண்டுமானால் நம் வழி தனி வழி. தொலைவிலிருந்து வருகிற மாணவன் நூலகத்தை மறந்துவிட்டு மாலை நாலு மணிக்கே பேருந்து நிறுத்தத்துக்கு ஓடுவதைப் பார்த்து, படிப்பில் அக்கறை இல்லை என்று முடிவுகட்டிவிடும் ஆசிரியர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் ஒருநாள் எங்களோடு பூவிருந்தவல்லி வரை வந்து பார்க்க அன்புடன் அழைக்கிறேன்.

அதோடு, அந்த அட்டை தேர்வு முடிந்ததும் செல்லாமல் போகும். பட்டத்தோடு வெளியே வந்து கிண்டியில் ஒரு சிறு வேலை கிடைத்தால், அந்த வேலையை ஏற்பதா வேண்டாமா என்பதைச் சம்பளம் மட்டும் தீர்மானிப்பதில்லை. போக்குவரத்துக்கு மாதம் எவ்வளவு என்று எங்கள் வீடுகளில் அம்மா விரல்விட்டு எண்ணுகிறார். நகரத்தில் வாடகை கட்ட முடியாததால்தான் வெளியே குடியிருக்கிறோம். வெளியே குடியிருப்பதால் இந்தக் கட்டணமும் சேர்கிறது. அதிகத் தொலைவில் இருப்பவர் பெரும்பாலும் குறைந்த வருமானக்காரர் என்ற உண்மையைக் கட்டண அட்டவணை எழுதுகிறவர் மேசையில் யாராவது வைக்கவேண்டும்.

இதற்கு வழியே இல்லையா என்றால், பிற நாடுகள் வழி கண்டிருக்கின்றன. நம் மொழியில் நிலையப் பெயர் எழுதிவைத்திருக்கும் சிங்கப்பூரை எடுத்துக்கொள்ளலாம். அங்கே 2010 ஜூலை முதல் பேருந்து, ரயில் இரண்டையும் சேர்த்து மொத்தத் தொலைவைக் கணக்கிட்டே கட்டணம் வாங்குகிறார்கள். குறித்த நேரத்துக்குள் அடுத்த வண்டியில் ஏறிவிட்டால் அதைப் புதிய பயணமாகக் கருதுவதில்லை. விட்ட இடத்திலிருந்து கணக்குத் தொடர்கிறது. லண்டனில் 2016-ல் வேறொரு முறை வந்தது. பேருந்தில் ஒருமுறை கட்டணம் கட்டினால் ஒரு மணி நேரத்துக்குள் ஏறும் அடுத்த பேருந்துக்குக் கட்டணமில்லை. 2018 முதல் அந்த ஒரு மணிக்குள் எத்தனை பேருந்து மாறினாலும் அதே கட்டணம். இரண்டிலும் அடிப்படை எண்ணம் ஒன்றே. பயணி இன்ன இடத்தில் வண்டி மாற வேண்டும் என்று தீர்மானித்தவர் தடம் வகுத்த அதிகாரி. அந்தத் தீர்மானத்துக்குப் பயணியிடம் அபராதம் வசூலிக்கக் கூடாது.

நம் ஊரிலும் ஏதோ நடக்கத்தான் செய்கிறது. சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்துக்கான சட்டம் 2010-லேயே வந்துவிட்டது. 2025 செப்டம்பர் 22-ல் 'சென்னை ஒன்று' என்னும் கைபேசிச் செயலி தொடங்கப்பட்டது. பேருந்து, புறநகர் ரயில், மெட்ரோ மூன்றுக்கும் ஒரே கட்டத்துக்குள் டிக்கெட் எடுத்துக்கொள்ளலாம். வரிசையில் நிற்கும் வேலை மிச்சம், சில்லறைத் தகராறு இல்லை. ஆனால் தொகையைக் கூட்டிப் பார்த்தால் பழைய மூன்று கட்டணங்களின் கூட்டுத்தொகைதான். மூன்று டிக்கெட்டையும் ஒரு ரப்பர் வளையம் போட்டுக் கட்டிக் கொடுத்தது போல. கட்டுப்போட்டது நல்லது, விலையைச் சேர்த்துப் பேசவில்லையே! இதில் இயந்திரத்தின் குறை ஒன்றுமில்லை. ஒருவன் எந்த நேரம் எந்த வண்டியில் ஏறினான் என்பது இப்போது கணக்கில் பதிவாகிறது. கண்டக்டர் கிழித்த காகித டிக்கெட்டுக் காலத்தில், முந்தின வண்டியை யார் கண்டார் என்று சொல்ல முடிந்தது. இனி அதைச் சொல்ல முடியாது.

எஞ்சியிருப்பது பங்குப் பிரச்சினை. ஒரே கட்டணம் வாங்கினால் ரயில்வேக்கு எவ்வளவு, மெட்ரோவுக்கு எவ்வளவு, பேருந்துக்கு எவ்வளவு? மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம். அது எளிதில் முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அது முடியும்வரை எங்கள் சாலையில் காத்திருக்க வேண்டியதில்லை. மாநகரக் கழகத்தின் 1000 ரூபாய் மாதச் சீட்டைத் திருப்பெரும்புதூர் வரை வெளியூர்ச் சாதாரணப் பேருந்திலும் செல்லும்படி செய்யட்டும். மகளிர் சலுகையையும் அதே எல்லை வரை நீட்டட்டும். இரண்டு கழகமும் ஒரே துறையின் கீழ் இருப்பவை. ஒரே அமைச்சர், ஒரே செயலாளர். பங்குக் கணக்கைத் தங்களுக்குள் மாதக் கடைசியில் தீர்த்துக்கொள்ளலாம். காலையும் மாலையும் அந்த வெளியூர்ப் பேருந்துகளில் எங்கள் நிறுத்தத்திலிருந்து பூவிருந்தவல்லி வரை நிற்கவாவது இடம் இருக்கத்தான் செய்கிறது.

இதை இப்போது கேட்பதற்குக் காரணம் உண்டு. கலங்கரை விளக்கத்திலிருந்து பூவிருந்தவல்லி பைபாஸ் வரையிலான 26 கிலோமீட்டர் மெட்ரோ தடத்தில், பூவிருந்தவல்லி முனையில் 2025 மார்ச்சில் சோதனை ஓட்டம் நடந்தது. அங்கிருந்து எங்கள் ஊரைத் தாண்டிச் சுங்குவார்சத்திரம் வரை 27.9 கிலோமீட்டர் நீட்டிக்கும் திட்டத்துக்கும் அதே ஆண்டில் மாநில அரசு இசைவு தந்தது. எங்களுக்குச் சற்று முன்னால் குத்தம்பாக்கத்தில் மேற்கு மாவட்டப் பேருந்துகளுக்கென்று பெரிய நிலையம் ஒன்று எழுப்பியிருக்கிறார்கள். வெளியூர்ப் பேருந்து குத்தம்பாக்கத்தோடு நின்று, அங்கே நகரப் பேருந்து ஏறி, பூவிருந்தவல்லியில் மெட்ரோ மாறி நகரம் சேரும் நாள் தொலைவில் இல்லை. இன்று இரண்டு வண்டியில் முடிகிற பயணம் அன்று மூன்று வண்டியாகும். நடைமேடைகள் அழகாக இருக்கும், கூரையும் மின்விசிறியும் இருக்கும், குறைந்த கட்டணமும் மூன்றாக இருக்கும். தூண் எழும்பும்போதே டிக்கெட்டைப் பற்றியும் பேசி முடித்துவிட்டால், அட்டவணை அச்சேறிய பிறகு சாலையில் உட்கார்ந்து இரண்டு காசுக்குப் போராட வேண்டியிருக்காது.